நாற்காலியும் தனித்தொகுதியும்: 18 பேர் தகுதி நீக்கம் சொல்லும் பாடம்

2012 அக்டோபரில் ப. தனபால் தமிழ்நாடு சட்டப்பேரவைத் தலைவரானார். அருந்ததியர் ஒருவர் அந்த நாற்காலியில் அமர்ந்தது அதுவே முதல்முறை. 2016இல் அவிநாசி தனித்தொகுதியில் வென்று மீண்டும் அதே பொறுப்புக்கு வந்தார். அந்தப் பெருமையை யாரும் குறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த நாற்காலியின் அதிகாரத்தைப் பற்றி நாம் பேசியாக வேண்டும்.

குடியரசுத் தலைவர் நினைத்தால் ஒரு எம்.பி.யை நீக்கிவிட முடியுமா? முடியாது. ஆதாயம் தரும் பதவி போன்ற புகார்களில், அரசமைப்புச் சட்டத்தின் 103ஆம் பிரிவுப்படி அவர் தேர்தல் ஆணையத்தின் கருத்தைக் கேட்டு, அதன்படியே முடிவெடுக்க வேண்டும். 2006இல் ஜெயா பச்சன் எம்.பி. பதவியை இழந்தது அப்படித்தான். எம்.எல்.ஏ.க்கள் விஷயத்தில் ஆளுநருக்கும் 192ஆம் பிரிவு இதே கட்டுப்பாட்டை வைக்கிறது. 356ஐக் கொண்டு சட்டமன்றத்தையே கலைக்கும் அதிகாரத்துக்கும் 1994இல் பொம்மை வழக்கு கடிவாளம் போட்டது.

கட்சித் தாவல் மட்டும் விதிவிலக்கு. 1985இல் சேர்க்கப்பட்ட பத்தாம் அட்டவணை அந்தத் தீர்ப்பை அவைத் தலைவரிடம் ஒப்படைத்தது. அவரோ பெரும்பாலும் ஆளுங்கட்சிக்காரர். முடிவெடுக்கக் காலக்கெடுவும் கிடையாது.

2017 பிப்ரவரி 18: எடப்பாடி பழனிசாமி 122 வாக்குகளில் பெரும்பான்மையை நிரூபித்தார். ஓ. பன்னீர்செல்வம் உள்ளிட்ட 11 பேர் எதிர்த்து வாக்களித்தார்கள். ஆகஸ்டில் இரு அணிகளும் இணைந்தன. பன்னீர்செல்வம் துணை முதல்வரானார். மறுநாளே தினகரன் ஆதரவு எம்.எல்.ஏ.க்கள் முதல்வர் மீது நம்பிக்கை இல்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்தார்கள். ஒரு மாதம்கூட ஆகவில்லை. செப்டம்பர் 18இல் அவர்களில் 18 பேர் தகுதி நீக்கம்.

அவையிலேயே அரசுக்கு எதிராக வாக்களித்த 11 பேர்? மூன்றாண்டு கழித்து, விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போன பிறகுதான் நோட்டீஸ். 2021இல் பேரவையின் காலமே முடிந்தது. ஒருவர் பதவியும் போகவில்லை.

இப்போது கணக்கைப் பாருங்கள். பறிபோன 18 தொகுதிகளில் எட்டு தனித்தொகுதிகள்: பூந்தமல்லி, குடியாத்தம், அரூர், நிலக்கோட்டை, பெரியகுளம், மானாமதுரை, பரமக்குடி, ஓட்டப்பிடாரம். உயர் நீதிமன்றத்தில் முதலில் இரு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்பு. 2018 அக்டோபர் 25இல் மூன்றாம் நீதிபதி தகுதி நீக்கத்தை உறுதி செய்தார். இடைத்தேர்தல் முடிவு வந்தது 2019 மே 23இல். ஏறத்தாழ 20 மாதம் அந்த மக்களுக்கு எம்.எல்.ஏ. இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்ட விதிகளின்படி மாவட்டக் கண்காணிப்புக் குழுவில் எம்.எல்.ஏ.க்களும் உறுப்பினர்கள். அந்த இடமும் காலியாகவே கிடந்தது.

அந்த 18 பேரும் தியாகிகள் அல்லர். அது அதிகாரச் சண்டை. விலை கொடுத்தது வாக்களித்த மக்கள்.

நாற்காலியில் நம்மவர் அமர்வது ஒரு வெற்றி. அது கட்சியின் கைக்கருவியாகாமல் காப்பது வேறொரு போராட்டம். 2020 ஜனவரியில் மணிப்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம், இந்த அதிகாரத்தைச் சுதந்திரமான தீர்ப்பாயத்திடம் தருவது பற்றி நாடாளுமன்றம் யோசிக்கட்டும் என்றது. சாதாரணமாக மூன்று மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்றும் சொன்னது. நாடாளுமன்றம் அதைச் செய்யவில்லை.

தோழர்களே, அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு வருபவரிடம், எந்தக் கட்சியாக இருந்தாலும், இதைக் கேளுங்கள்: பத்தாம் அட்டவணையைத் திருத்த உங்கள் கட்சி ஆதரிக்குமா?