மடத்து எல்லைக்கு வெளியே ஒரு கோயில்

செக் நாட்டின் குட்னா ஹோராவில் புனித பார்பரா கோயிலைப் பார்க்க வருகிறவர்கள், கூடாரங்கள் போல எழும் அதன் மூன்று கூரைகளை அண்ணாந்து பார்த்து, "வெள்ளி விளைந்த ஊர், கட்டிவிட்டார்கள்" என்று முடித்துக்கொள்வதுண்டு. காசுக்குக் குறைவில்லை என்பது உண்மை. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கே வெள்ளி வெட்டியெடுக்கத் தொடங்கினார்கள். 1300இல் மன்னர் இரண்டாம் வென்செஸ்லாஸ் சுரங்கங்களுக்கென்றே ஒரு சட்டம் இயற்றினார். பிராக் குரோஷன் நாணயம் இவ்வூர் அக்கசாலையில் அச்சாயிற்று. ஆனால் அவ்வளவு செல்வமுள்ள ஊர், தன் பெருமைக்குரிய கோயிலை நகர மதிலுக்கு வெளியே ஏன் கட்ட வேண்டும்? பெருமையைக் காட்டிக்கொள்வது மட்டுமே நோக்கம் என்றால் சந்தைக்கு நடுவிலேயே எழுப்பியிருக்கலாமே.

விடை அன்று பக்கத்து ஊராயிருந்த செட்லெட்ஸில் இருக்கிறது. அங்கிருந்த சிஸ்டெர்சியன் துறவு மடம் 1142இல் நிறுவப்பட்டது. வெள்ளி கண்டெடுக்கப்படுவதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே அது நிலவுடைமையுள்ள மடம். திடீரென முளைத்த சுரங்க நகரத்தின் கோயில் உரிமைகள் அந்த மடத்தின் பிடியில் இருந்தன. கோயில் பங்கு (வழிபாட்டு வட்டாரம்) யாருடையதோ, காணிக்கையும் அவர்களுடையதே. திருமுழுக்கு முதல் அடக்கம் வரை அவர்களைக் கேட்டுத்தான். நிலத்தடியில் உயிரைப் பணயம் வைத்து ஊரை வளர்த்தவர்களுக்கு இது உறுத்தாமல் இருந்திருக்காது. 1388இல் பார்பரா கோயில் வேலை தொடங்கியபோது அவர்கள் தேர்ந்த இடம் மடத்தின் அதிகாரம் செல்லாத நிலம். அது பிராக் பேராலயக் குருகுழுவுக்குச் சொந்தமானது. தொடக்க காலக் கட்டுமானம் யான் பார்லேரின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது; பிராக் பேராலயத்தைக் கட்டிய பீட்டர் பார்லேரின் மகன் அவர். இடத்துக்கு மட்டுமல்லாமல், கட்டும் பாணிக்கும் மடத்தைத் தாண்டித் தலைநகரையே நாடியிருக்கிறார்கள்.

இதற்கு இரண்டு மறுப்புகள் எழலாம். பார்பரா சுரங்கத் தொழிலாளரின் காவல் புனிதர்; திடீர்ச் சாவுக்கு அஞ்சுகிறவர்கள் அவளை நாடியது பக்தியால்தானே என்பது ஒன்று. பக்திதான், மறுக்கவில்லை. ஆனால் நகருக்குள் புனித யாக்கோபு கோயில் முன்பே எழுந்துகொண்டிருந்தது. பக்தி மட்டும் என்றால் அதில் ஒரு பீடம் போதும். ஐந்து நடைகள் கொண்ட பேராலயத்தைத் தனி நிலத்தில் எழுப்பியதைப் பக்தியால் மட்டும் விளக்க முடியாது.

இரண்டாவது மறுப்பு கனமானது. 1421இல், திருச்சபைச் சீர்திருத்தம் கோரிய ஹுஸ் இயக்கத்தார் செட்லெட்ஸ் மடத்தை எரித்துவிட்டார்கள். எதிராளியே ஒழிந்தபின், அந்த இயக்கத்தின் போர்களால் அறுபது ஆண்டுக்கு மேல் நின்றிருந்த வேலையை 1482இல் ஏன் மீண்டும் தொடங்கினார்கள்? நோக்கம் இடையில் மாறிவிட்டது என்றே நான் கொள்கிறேன். முதலில் கேட்டது மடத்திடமிருந்து விடுதலை. இப்போது கட்டியவர்கள் தாங்களே அதிகாரமாகியிருந்த நகரத்தார். கட்டடக் கலைஞர்களான மத்தியாஸ் ரெய்செக்கும் பிறகு பெனடிக்ட் ரீட்டும் வளர்த்த அந்தக் கட்டடத்தில், அக்கசாலைக்காரர்களின் சிற்றாலயத்தைப் பாருங்கள்: சுவரோவியத்தில் நாணயம் அடிக்கும் தொழிலாளி சுத்தியலோடு உட்கார்ந்திருக்கிறான். புனிதர்களுக்குரிய சுவரில் தொழிலுக்கும் பங்கு கேட்டிருக்கிறார்கள். ரீட்டின் மேல்வளைவில் பூவிதழ்போலப் பின்னும் விலாக்கற்களுக்கிடையே தொழிற்குழுக்களின் சின்னங்கள் பதிந்திருக்கின்றன.

வெள்ளி வற்றத் தொடங்கியபின் 1558இல் பணம் தீர்ந்து, மேற்கே ஒரு தற்காலிகச் சுவர் எழுப்பி நிறுத்திவிட்டார்கள். 1884 முதல் 1905 வரை நடந்த பணிதான் அந்தச் சுவரை அகற்றி முகப்பைக் கட்டியது, அதுவும் முதலில் எண்ணிய நீளத்துக்கு அல்ல.