ஹகவாத்தி: பலர் கூடிச் சொன்ன கதை

அறபு மொழியில் ‘ஹகா’ என்னும் வினைச்சொல்லுக்கு இரு பொருள்கள் உண்டு. ஒன்று, கதை கூறுதல். மற்றொன்று, பிறர் செய்வதைப் போலச் செய்துகாட்டுதல். இவ்வேரிலிருந்து பிறந்ததே ‘ஹிகாயத்’. அதனைச் சொல்பவர் ‘ஹகவாத்தி’. திமிஷ்கு, காஹிரா போன்ற பெருநகர்களின் காப்பிக் கடைகளில் உயர்ந்த இருக்கையில் அமர்ந்து, அன்தராவின் கதையையும் பைபர்ஸின் கதையையும் இரவுதோறும் தொடர்ந்து சொல்லி வந்தவர்கள் இவர்களே. கிஸ்ஸாக்களைக் கேட்டு வளர்ந்த நம் குடும்பத்தாருக்கு இம்மரபின் சுவையை விளக்க வேண்டுவதில்லை.

இப்பழம்பெயரை 1977இல் பைத்துல் முகத்தஸில் ஒரு நாடகக் குழு தனக்குச் சூட்டிக்கொண்டது. பிரான்சுவா அபூ சாலிம் அதன் தலைமை நெறியாளர். ஐரோப்பியப் பெற்றோருக்குப் பிறந்து பலஸ்தீன மண்ணில் வளர்ந்தவர் அவர். அமெரிக்காவிலிருந்து வந்த ஜாக்கி லூபெக், அல்-ஜலீல் பகுதியைச் சேர்ந்த எட்வர்ட் முஅல்லிம் ஆகியோர் அவருடன் இணைந்து உழைத்தவர்கள்.

இதற்கு முன்னரே, 1970களின் தொடக்கத்தில், அபூ சாலிம் ‘பலாலீன்’ என்னும் குழுவில் பங்குகொண்டிருந்தார். 1967ஆம் ஆண்டுப் போரில் கிழக்கு பைத்துல் முகத்தஸும் மேற்குக் கரையும் இஸ்ரேலின் பிடிக்குள் சென்று சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. அக்குழு 1972இல் நடித்த நாடகத்தின் பெயர் ‘அல்-அத்மா’, அதாவது இருள். நாடகம் நடந்துகொண்டிருக்கையிலேயே விளக்குகள் அணைந்துவிடுகின்றன. மேடையிலுள்ளோரும் அவையிலுள்ளோரும் கூடி முயன்றாலன்றி வெளிச்சம் வருவதற்கில்லை. இதன் பொருளை எவரும் எவருக்கும் எடுத்துரைக்க வேண்டியிருக்கவில்லை.

ஹகவாத்திக் குழுவின் பணிமுறை இக்கருத்தின் நீட்சியே எனலாம். ஒருவர் எழுதிய ஏட்டை ஏனையோர் மனனம் செய்து ஒப்பிப்பது அவர்கள் வழக்கமன்று. ஒரு பொருளை எடுத்துக்கொள்வர். அதைப் பற்றி மக்களிடையே வழங்கும் செய்திகளைத் திரட்டுவர். பயிற்சிக் கூடத்தில் ஆளுக்கொரு வகையாக நடித்துப் பார்ப்பர். விவாதித்துத் தள்ளுவன தள்ளிக் கொள்வன கொள்வர். இறுதியில்தான் நாடகம் எழுத்துருப் பெறும். அறபு நாடகவாணர் இதனைக் கூட்டுப் படைப்பு என்பர். மஷூராவில் நிலைகொண்ட கலை என்று நாம் சொன்னால் பிழையாகாது.

இவ்வழியில் 1980களில் ‘மஹ்ஜூப் மஹ்ஜூப்’ பிறந்தது. மஹ்ஜூப் என்றால் மறைக்கப்பட்டவன் என்று பொருள். பின்னர் வந்த ‘அலி அல்-ஜலீலி’யில், பிழைப்புத் தேடித் தெல் அவீவ் செல்லும் அலி, அங்கே ‘ஏலி’ ஆகிறான். ஓரெழுத்து மாறுவதில் ஒரு மனிதனின் அடையாளம் எவ்வாறு கரைகிறது என்பதே அதன் உட்பொருள். 1987இல் உருவான ‘கஃபர் ஷம்மாவின் கதை’, கல்வி கற்றுத் திரும்பும் இளைஞனொருவன் 1948இல் தன் ஊரே இல்லாமற் போனதைக் கண்டு, சிதறிய ஊர்மக்களைத் தேடி அலைவதைச் சொல்கிறது. அவ்வூர் கற்பனையே, ஆயின் அவ்வாண்டில் அழிந்த கிராமங்கள் நானூற்றுக்கும் மேற்பட்டவை.

1984இல் இக்குழுவினர், தீயில் கருகிக் கிடந்த ‘அந்நுஸ்ஹா’ என்னும் திரையரங்கைக் குத்தகைக்கு எடுத்துச் செப்பனிட்டு நாடக இல்லமாக்கினர். பின்னர் அதுவே பலஸ்தீன தேசிய அரங்கு எனப் பெயர் பெற்றது. அதன் கதவுகளை அதிகாரிகள் அடைத்த தடவைகள் பல. 2009இல் அங்கு நடக்கவிருந்த இலக்கிய விழாவைக் காவற்படையினர் தடுத்தபோது, வந்திருந்தோர் வேறோர் இடத்திற்குச் சென்று விழாவைத் தொடர்ந்தனர்.

குழுவும் நாளடைவில் பிரிந்தது. எட்வர்ட் முஅல்லிமும் ஈமான் அவுனும் 1991இல் ‘அஷ்தார்’ அரங்கை நிறுவினர். 2010இல் அவ்வரங்கின் முயற்சியால் காஸாவின் இளைஞர்கள் போர்க்காலத்தில் தாம் பட்டதைத் தம் சொல்லிலேயே எழுதினர். அவர்களால் எல்லையைக் கடக்க இயலவில்லை. அவர்களுடைய சொற்களைப் பல நாடுகளின் இளைஞர்கள் தத்தம் மேடைகளில் ஏறிப் பேசினர். அபூ சாலிம் 2011இல் காலமானார்.

தனியொருவர் நாவிலிருந்த பழைய கதை, அவர் மறைந்தால் அவரோடு மறையக்கூடும். பலர் கூடி ஆக்கிய கதைக்கு வாய்கள் பல. ஒரு வாசல் அடைபட்டால் அது மறுவாசல் வழியே வெளிப்படும். ஊரையும் வீட்டையும் இழந்தோர்க்குக் கதையே எஞ்சிய சொத்து. அதனைத் தனியுடைமையாக வைக்காமல் பொதுவுடைமையாக்கியதே ஹகவாத்தியினர் செய்த அரும்பணி.