ஏழு வயது விமானி

அமெரிக்காவில் தனியாக விமானம் ஓட்டிப் பழக 16 வயது ஆகியிருக்க வேண்டும். உரிமம் பெற 17. ஆனால் உரிமம் பெற்ற பயிற்றுநர் பக்கத்தில் இருந்தால், எந்த வயதுக் குழந்தையும் விமானத்தின் கட்டுப்பாட்டுக் கருவிகளைப் பிடித்துப் பழகலாம். இந்தச் சலுகையில் வேரூன்றி வளர்ந்ததுதான் ‘மிக இளைய விமானி’ பட்டத்துக்கான போட்டி.

1993இல் விக்கி வான் மீட்டர் என்ற 11 வயதுச் சிறுமி, மெய்ன் மாநிலத்திலிருந்து சான் டியாகோ வரை பறந்தாள். மறு ஆண்டு அட்லாண்டிக்கையும் தாண்டினாள். இப்படிப்பட்ட சாதனைகள் ஆபத்தில் முடியும் என்று கின்னஸ் புத்தகம் அதற்கு முன்பே இந்தப் பிரிவைக் கைவிட்டிருந்தது. தொலைக்காட்சிகள் கைவிடவில்லை.

1996 ஏப்ரல் 10 அன்று ஜெசிகா டுப்ராஃப், தந்தையுடனும் பயிற்றுநருடனும் கலிஃபோர்னியாவின் ஹாஃப் மூன் பே நகரிலிருந்து புறப்பட்டாள். வயது ஏழு. விமானம், நான்கு பேர் அமரக்கூடிய செஸ்னா 177பி. வெளியே பார்க்க இருக்கையில் மெத்தை போட்டு உயர்த்தினார்கள். கால் எட்டாததால் பெடல்களுக்கு நீட்டிப்புகள் பொருத்தினார்கள். எட்டு நாளில் நாட்டைக் கடந்து திரும்புவது திட்டம். ஊருக்கு ஊர் பேட்டிகள் காத்திருந்தன.

முதல் நாள் இரவு வயோமிங் மாநிலத்தின் ஷையானில் தங்கினார்கள். அந்த விமான நிலையம் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 6,150 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று மெலிந்திருக்கும். எஞ்சினின் வலுவும் இறக்கையின் ஏந்துதிறனும் குறையும். மறுநாள் காலை அந்த விமானத்தில் அனுமதிக்கப்பட்டதைவிட 96 பவுண்டு கூடுதல் எடை இருந்தது. இடிமழை நெருங்கிக்கொண்டிருந்தது. சக்கரத்துக்கு வைத்த முட்டுக்கட்டையை எடுக்காமலே எஞ்சினைக் கிளப்பிவிட்டு, அதை நிறுத்தி, கட்டையை எடுத்து, மறுபடி கிளப்பினார்கள். அவ்வளவு அவசரம், அல்லது அவ்வளவு களைப்பு. பார்வைத் தூரம் போதாததால், சிறப்பு அனுமதி கேட்டுப் பெற்றுக்கொண்டு, கொட்டும் மழையில் ஓடுபாதையை விட்டு எழுந்தார்கள்.

விமானம் போதிய அளவு உயரவில்லை. மெதுவாக வலப்பக்கம் திரும்பியது. வேகம் குறைந்து, இறக்கை தாங்குதிறனை இழந்து, குடியிருப்புத் தெரு ஒன்றில் மூக்குக் குத்தி விழுந்தது. மூவரும் அங்கேயே இறந்தார்கள்.

விசாரணையில், புறப்பட்டபோது விமானத்தை இயக்கியவர் பயிற்றுநர்தான் என்று தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முடிவுக்கு வந்தது. மோசமான வானிலையில், அதிக எடையோடு கிளம்ப அவர் எடுத்த முடிவே காரணம் என்றது. ஊடகங்களுக்குக் கொடுத்த வாக்கும் சேர்ந்து உருவாக்கிய நெருக்கடியான பயணத்திட்டத்தையும் அறிக்கை குறிப்பிட்டது. அந்தக் குழந்தையின் கை எந்தத் தவறும் செய்யவில்லை. பெரியவர்கள் நாள் குறித்தார்கள். பெரியவர்களே அந்த நாளை ஒத்திப்போட மறுத்தார்கள்.

அதே ஆண்டு அக்டோபரில் குழந்தை விமானிகள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. உரிமம் இல்லாதவர் சாதனைக்காகவோ போட்டிக்காகவோ விமானத்தை இயக்க அனுமதிக்கும் விமானியின் உரிமம் அச்சட்டப்படி பறிக்கப்படும். பயிற்றுநரோடு பறந்து பழகும் குழந்தைகளுக்கு இன்றும் தடை இல்லை.