சேப்பாக்கமா, சின்னசாமியா? எங்கள் அணி இரண்டுக்கும் முந்தையது

ஓசூரில் கிரிக்கெட் பார்க்கிறவர்களிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி, "நீ சி.எஸ்.கே.வா, ஆர்.சி.பி.யா?" என்பதுதான். கேட்பவர் சிரித்துக்கொண்டேதான் கேட்பார். காவிரிப் பிரச்சினை கிளம்பும் ஆண்டுகளில் மட்டும் அந்தச் சிரிப்பு இருக்காது. நீ எந்தப் பக்கத்து ஆள் என்று அதற்கு அர்த்தம். ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி. சின்னசாமி ஸ்டேடியம் இங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டர். சேப்பாக்கமோ 300 கிலோமீட்டருக்கும் மேல். வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், வேலைக்குப் போனால் கன்னடம், சந்தையில் உருது என்று வாழ்கிற எங்களிடம் ஒரே ஒரு அணியின் பெயரைச் சொல் என்றால் எப்படிச் சொல்வது?

எங்கள் கூட்டத்தில் இரண்டு கட்சிக்காரர்களும் உண்டு. மூத்தவர்கள் 1973-74 ரஞ்சியிலிருந்து தொடங்குவார்கள். தொடர்ந்து 15 ஆண்டுகள் கோப்பையை வைத்திருந்த பம்பாயைப் பிரசன்னாவின் கர்நாடக அணி அரையிறுதியில் வெளியேற்றி, பிறகு கோப்பையையும் எடுத்தது. போலியோவால் மெலிந்த கையோடு பந்து வீசிய சந்திரசேகரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவர்களை நிறுத்த முடியாது. தமிழ்நாட்டுக் கட்சிக்காரர்கள் 1987-88 கோப்பையைச் சொல்வார்கள். உடனே எதிர்க்கட்சி 1995-96ஐ எடுத்துப் போடும். அந்த இறுதிப் போட்டி சேப்பாக்கத்திலேயே நடந்தது, கோப்பை பெங்களூருக்குப் போனது. 2014-15 இறுதிப் போட்டியில் கருண் நாயர் தமிழ்நாட்டுக்கு எதிராக 328 அடித்தபோது எங்களில் பாதிப் பேர் போனையே எடுக்கவில்லை. 2018 ஏப்ரலில் காவிரிக்காகச் சேப்பாக்கம் மைதானத்துக்குள் செருப்பு பறந்தது. சென்னையின் ஆட்டங்கள் புனேவுக்கு மாற்றப்பட்டன. தண்ணீருக்கான கோபம் நியாயமானது. ஆனால் காலனிக் குழாயில் தண்ணீர் வராத நாளில் எந்த மைதானத்திலும் எதுவும் பறந்ததாக நினைவில்லை.

இத்தனை ஆண்டு நினைவிலும் நாங்கள் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு. நாம் கைதட்டிய இந்தப் பதினோரு பேரில் சேரியிலிருந்து வந்தவர் யார்? அதைத் தேடிப் போனால் ஐ.பி.எல்.லும் ரஞ்சியும் பிறப்பதற்கு முந்தைய காலத்துக்குப் போக வேண்டியிருக்கிறது.

பல்வங்கர் பாலூ 1876 மார்ச் 19இல் தார்வாடில் பிறந்தார். அது இன்றைய கர்நாடகத்தில் இருக்கிறது. ஆகவே ஆர்.சி.பி. கட்சிக்காரர்கள் கொஞ்சம் காலரைத் தூக்கிவிட்டுக் கொள்ளலாம். அவர் பிறந்த சாதி சம்பார், தோல் வேலையோடு கட்டிப்போடப்பட்ட சாதி. நம் பக்கத்தில் அருந்ததியர்களை எதைச் சொல்லி ஏசினார்களோ, அதையே சொல்லி அங்கே அவர்களை ஏசினார்கள். கிரிக்கெட் பந்தின் மேலுறை தோல். செத்த மாட்டை உரித்து, தோலைப் பதனிட்டு, பந்தாகத் தைக்கும்வரை தொட்டவர்கள் யார் என்று எந்த அணியும் கேட்டதில்லை. அதே கை பந்தை வீச வரும்போதுதான் தீட்டு நினைவுக்கு வந்தது.

பாலூவின் தந்தைக்கு ராணுவத்தில் வேலை. குடும்பம் புனேவில் குடியேறியது. பையன் முதலில் பார்சிகளின் கிளப்பில் மாதம் 3 ரூபாய்க்கு மைதானம் பெருக்கினார். பிறகு ஐரோப்பியர்களின் கிளப்பில் 4 ரூபாய் சம்பளம். வலை கட்டுவது, பிட்ச்சை உருட்டுவது, வெள்ளைக்காரர் பயிற்சி எடுக்கும்போது பந்து வீசுவது இவையெல்லாம் அவர் வேலை. கிரேக் என்ற ஆங்கிலேய ஆட்டக்காரர், தன்னை ஒவ்வொரு முறை அவுட் ஆக்கும்போதும் பாலூவுக்கு எட்டணா கொடுத்ததாக ஒரு கதை உண்டு. ஆயிரக்கணக்கான பந்துகளை வீசி வீசித்தான் அந்த இடதுகைச் சுழல் கூர்மையானது. ஆனால் அங்கே அவர் கையில் ஒருநாளும் மட்டையைக் கொடுக்கவில்லை. மட்டை துரைகளுக்கு, பந்து வேலைக்காரனுக்கு.

இந்த இடத்தில் நம் ஊரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. எங்கள் சிறு வயதில் மட்டை நிலக்காரர் வீட்டுப் பையனுடையது. காலனிப் பையன்கள் பந்து வீசலாம், முள்ளுக்குள் போன பந்தை எடுத்து வரலாம். பேட்டிங் முறை வருவதற்குள் இருட்டிவிடும். மட்டைக்காரனுக்கு வீட்டில் கூப்பிடும் குரல் கேட்டுவிடும். ஊர்ப் பக்கம் இருந்த பஞ்சாயத்து டி.வி.யையும் நாங்கள் சன்னலுக்கு வெளியே நின்றுதான் பார்த்தோம். ஸ்கோர் மட்டும் எல்லோருக்கும் ஒன்றாகத்தான் தெரிந்தது.

புனேவின் இந்துக்கள் அணி, வெள்ளையர்களை ஜெயிக்க வேண்டுமென்றால் பாலூ வேண்டும் என்று ஒருவழியாக முடிவெடுத்தது. களத்தில் அவர் வீசிய பந்தை எல்லோரும் தொட்டார்கள். தேநீர் இடைவேளை வந்ததும் அவர் பெவிலியனுக்கு வெளியே நிற்க வேண்டும். மற்றவர்களுக்குப் பீங்கான் கோப்பை, அவருக்குக் குடித்துவிட்டு உடைத்துப் போடும் மண் குவளை. சாப்பாடும் தனித் தட்டில், தனி இடத்தில். டீக்கடை இரட்டைக் குவளையைப் பற்றி நம் பாட்டன்களிடம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை.

பிளேக் நோய்க் காலத்தில் பாலூ பம்பாய்க்குப் போனார். அங்கே ரயில்வே வேலையும் இந்து ஜிம்கானா ஆட்டமும் கிடைத்தன. 1906இல் பம்பாயில் இந்துக்கள் அணி ஐரோப்பியர்களை 109 ரன் வித்தியாசத்தில் வென்றது. பாலூவின் கணக்கில் 8 விக்கெட். தம்பி சிவ்ராமும் அதே அணியில் ஆடினார். அந்த நாளில் பம்பாய் எல்பின்ஸ்டன் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த ஒரு மகர் சாதிச் சிறுவனுக்கு வயது 14. பெயர் பீமராவ்.

1911இல் பாட்டியாலா மகாராஜா தலைமையில் முதல் அகில இந்திய அணி இங்கிலாந்துக்குப் போனது. அணி பெரும்பாலும் தோற்றது. பாலூ மட்டும் 114 விக்கெட் எடுத்தார், சராசரி 18.84. லெஸ்டர்ஷையரை வென்ற ஆட்டத்தில் அண்ணன் தம்பி இருவரின் பங்கும் பெரிது. திரும்பி வந்தபோது பம்பாயின் ஒடுக்கப்பட்ட மக்கள் அவருக்குப் பாராட்டுக் கூட்டம் நடத்தினார்கள். அந்த வாழ்த்து மடலை எழுதி வழங்கியவர் இளைஞர் அம்பேத்கர். ஆக, அண்ணலும் ஒரு காலத்தில் கிரிக்கெட் ரசிகர்தான், தோழர்களே. இதை எங்களுக்கு எந்தப் பாடப்புத்தகமும் சொல்லவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் பாலூவைக் கேப்டன் ஆக்கவில்லை. அவரைவிட அனுபவம் குறைந்த உயர்சாதியினர் ஒருவர் மாற்றி ஒருவர் வந்தார்கள். 1913இல் கேப்டனாக இருந்த எம்.டி. பை, அந்தப் பொறுப்பு தனக்கல்ல, பாலூவுக்கே வந்திருக்க வேண்டும் என்று மேடையில் சொன்னார். சொன்னதோடு சரி. 1920இல் பாலூ அணியிலிருந்து நீக்கப்பட்டார். தம்பி விட்டலுக்குக் கேப்டன் பதவி மறுக்கப்பட்டது. விட்டலும் சிவ்ராமும் சாதிதான் காரணம் என்று வெளிப்படையாகச் சொல்லி அணியிலிருந்து விலகினார்கள். தலைநிமிர்ந்து செய்த வெளிநடப்பு அது. அடுத்த ஆட்டத்துக்குப் பாலூவைத் துணைக் கேப்டனாகத் திரும்ப அழைக்க வேண்டிவந்தது. பை களத்தை விட்டுப் போன சிறிது நேரம் அணியை நடத்தியவரும் பாலூதான். 1923இல் விட்டல் முழுக் கேப்டன் ஆனார், அந்த ஆண்டே ஐரோப்பியர்களைத் தோற்கடித்தார். விட்டல் தன் வாழ்க்கையை மராத்தியில் நூலாகவும் எழுதி வைத்தார். அதைத் தமிழுக்குக் கொண்டுவர மராத்தி தெரிந்த தோழர் யாராவது முன்வந்தால் நன்றாக இருக்கும்.

ரசிகர்கள் சங்கடப்படும் பகுதி இனிமேல்தான். 1932இல் அம்பேத்கர் தனித்தொகுதி உரிமைக்காக நின்றபோது பாலூ எதிர்ப்பக்கம் நின்றார். நம் எம்.சி. ராஜாவும் அதே பக்கம்தான். செப்டம்பர் 24இல் கையெழுத்தான புனே ஒப்பந்தத்தில் அம்பேத்கர், இரட்டைமலை சீனிவாசன், எம்.சி. ராஜா பெயர்களோடு பி. பாலூ என்ற பெயரும் இருக்கிறது. ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜியின் பெயரும் அதே தாளில்தான். 1937 தேர்தலில் காங்கிரஸ் பாலூவையே அம்பேத்கருக்கு எதிராக நிறுத்தியது. அம்பேத்கர் 13,245 வாக்கு, பாலூ 11,225.

இதைப் படித்ததும் எங்கள் கூட்டத்தில் சிலர் பாலூவைத் துரோகி என்றார்கள். நாங்கள் அப்படிச் சொல்ல மாட்டோம். இந்துக்கள் அணிக்கு ஆடி, மெல்ல மெல்ல அதன் கதவுகள் திறப்பதைக் கண்ணால் பார்த்த மனிதர் அவர். கோயில் கதவும் அப்படியே திறக்கும் என்று நம்பியிருக்கலாம். அந்த நம்பிக்கை தவறு என்பதே எங்கள் கருத்து. 17 ஆண்டு உழைப்புக்கும் ஒரு வெளிநடப்புக்கும் பிறகு ஒரு குடும்பத்துக்குக் கேப்டன் பதவி கிடைத்தது. அந்த வேகத்தில் ஒரு சமூகம் முழுவதும் காத்திருக்க முடியாது. ஆனால் காங்கிரஸ் அவரை நிறுத்திய விதத்தை மன்னிக்கவும் முடியவில்லை. ஒரு தலித்தை எதிர்க்க இன்னொரு தலித்தைத் தேடும் பழக்கத்தை நம் தேர்தல்களில் இன்றும் பார்க்கிறோம். பாலூ 1955இல் இறந்தார்.

இந்தியா தன் முதல் டெஸ்ட்டை ஆடியதும் அதே 1932இல்தான். அதற்குப் பிறகு என்ன ஆனது? 2018இல் எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி இதழில் ஒரு ஆய்வுக் கட்டுரை வந்தது. அதுவரை இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடிய சுமார் 290 ஆண்களில் தலித், பழங்குடிச் சமூகத்தினர் 4 பேர் மட்டுமே என்று அது கணக்கிட்டது. நாட்டின் மக்கள்தொகையில் நான்கில் ஒரு பங்கு இருப்பவர்களுக்கு இவ்வளவுதான் இடம். திறமைதான் அளவுகோல் என்று இனியும் சொல்கிறவர்கள், 3 ரூபாய்க்கு மைதானம் பெருக்கியவரிடம் 114 விக்கெட் எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும். 'லகான்' எடுத்தவர்களுக்குக்கூட கச்ராவின் சுழல் அவன் ஊனமான கையிலிருந்துதான் வர வேண்டியிருந்தது, உழைப்பிலிருந்து அல்ல.

அமெரிக்காவில் கறுப்பினத்தவர் பேஸ்பால் பெரிய லீக்குகளில் ஆட முடியாமல் தனி லீக் நடத்தினார்கள். 1947 ஏப்ரல் 15இல் ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காக இறங்கி அந்தச் சுவரை உடைத்தார். 1997இல் அவருடைய 42ஆம் எண் எல்லா அணிகளிலும் ஓய்வு பெற்றது. 2024இல் கறுப்பினத்தவர் லீக்குகளின் கணக்குகளையும் பிரதானப் பதிவேட்டில் சேர்த்தார்கள். பெரிய லீக்கில் ஒரு பந்துகூட ஆட அனுமதிக்கப்படாமல் செத்துப்போன ஜோஷ் கிப்சன், .372 என்ற சராசரியோடு வாழ்நாள் பேட்டிங் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தார். தென்னாப்பிரிக்கா 2016 முதல் தேசிய அணியில் சராசரியாக ஆறு பேர் வெள்ளையரல்லாதவர், அதில் இருவர் கறுப்பினத்தவர் என்று இலக்கு வைத்தது. இங்கே ரஞ்சி, துலீப் என்ற இரண்டு அரச குடும்பத்தினர் பெயரில் தேசியக் கோப்பைகள் இருக்கின்றன. பல்வங்கர்களோடு ஒரே காலத்தில் ஆடிய தியோதர் பெயரிலும் கோப்பை உண்டு. பல்வங்கர் கோப்பை இல்லை.

நம் மாவட்டத்தின் கதைக்கும் இதில் இடம் உண்டு. 1970களில் ஓசூரில் சிப்காட் வந்தது. அடுத்த பத்தாண்டில் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று தொழிற்சாலைகள் நிறைந்தன. பாலூவுக்கு ரயில்வே எதைக் கொடுத்ததோ, அதைத் தொழிற்சாலை வேலை நம் அண்ணன்களில் சிலருக்குக் கொடுத்தது: மாதச் சம்பளம், ஞாயிறு விடுமுறை, சொந்தக் காசில் ஒரு மட்டை. காலனிக்குக் காலனி அம்பேத்கர் பெயரில் அணி, நீல நிறத்தில் ஜெர்சி. கார்க் பந்து, ரப்பர் பந்து, ஆயிரம் ரெண்டாயிரம் பரிசுத் தொகை. எங்கள் பக்கத்தில் ஒரு டோர்னமென்ட்டில் நுழைவுக் கட்டணம் கட்டிய பிறகு, "மைதானம் கோயில் நிலம்" என்று சொல்லி எங்களைத் திருப்பி அனுப்பியதும் நடந்திருக்கிறது. 2012 நவம்பர் 7இல் தருமபுரி நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி எரிந்தன. அவை பெங்களூரிலும் திருப்பூரிலும் உழைத்துக் கட்டிய வீடுகள். அந்தக் காலத்தில் தலித் இளைஞர்களின் ஜீன்ஸும் டீஷர்ட்டும் கூலிங் கிளாஸும் மேடையில் குற்றப்பத்திரிகையாக வாசிக்கப்பட்டன. அணி ஜெர்சியும் ஒரு டீஷர்ட்தானே. அதனால்தான் 2024இல் 'ப்ளூ ஸ்டார்', 'லப்பர் பந்து' இரண்டும் வந்தபோது தியேட்டரில் நாங்கள் கத்தியது சினிமாவுக்காக மட்டுமல்ல.

இப்போது வேலை பெரும்பாலும் ஒப்பந்தத்தில். சுழற்சி ஷிப்ட் முடித்து வருகிறவனுக்கு ஞாயிறு என்பதே இல்லை, பதினோரு பேரைச் சேர்ப்பது பெரிய காரியமாகிவிட்டது. மட்டை பிடித்த கை போனைப் பிடித்துக்கொண்டு ஐ.பி.எல். பார்க்கிறது. 2025 ஜூன் 3இல் ஆர்.சி.பி. முதல் முறையாகக் கோப்பை வாங்கியது. ஓசூரிலும் வெடி வெடித்தோம், சி.எஸ்.கே. கட்சிக்காரர்கள் உட்பட. மறுநாள் சின்னசாமி வாசலில் நெரிசலில் 11 பேர் செத்தார்கள். அந்தக் கூட்டத்தில் நாங்களும் நின்றிருக்கக்கூடும். 40 கிலோமீட்டர்தானே.

ஒரு வேண்டுகோள். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டக் காலனி அணிகளின் பழைய ஸ்கோர் நோட்டுகள் சிலர் வீட்டுப் பரணில் கிடக்கின்றன. நாங்கள் தேடத் தொடங்கியிருக்கிறோம். பெரும்பாலும் கோடு போட்ட நாற்பது பக்க நோட்டு, பென்சில் எழுத்து, பாதிப் பக்கம் கரையான். உங்கள் அப்பா, மாமா, அண்ணன் யாராவது அணி வைத்திருந்தால் அணியின் பெயர், ஆண்டு, ஆடிய இடம், ஆட விடாத இடம் நான்கையும் கேட்டு எழுதுங்கள். நோட்டு இருந்தால் ஒவ்வொரு பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். பந்து வீச்சுக் கணக்கு இருக்கும் பக்கத்தை விட்டுவிடாதீர்கள்.