மதுரையில் விஸ்கான்சின் மாணவர்கள்

அமெரிக்காவின் மாடிசன் நகரிலுள்ள விஸ்கான்சின் பல்கலைக்கழகம், தன் மாணவர்கள் ஒரு கல்வியாண்டை இந்தியாவில் பயில்வதற்காக 1961இல் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. மதுரையும் வாரணாசியும் அதன் மையங்களுள் அடங்கியிருந்தன.

இத்திட்டத்தை நெடுங்காலம் வழிநடத்தியவர் சமூகவியல் பேராசிரியர் ஜோசப் எல்டர். மதுரை அவருக்குப் புதிய ஊர் அன்று. 1950களின் தொடக்கத்தில், ஓபர்லின் கல்லூரியோடு தொடர்புடைய ஷான்சி அமைப்பின் சார்பில் இங்கு வந்து அமெரிக்கன் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவர் அவர்.

திட்டத்தின் அடித்தளம் மொழி. மதுரைக்கு வரவிருந்த மாணவர்கள் புறப்படும் முன்பே, கோடைக்காலத்தில் மாடிசனில் தமிழ் படித்தனர். மதுரையிலும் தமிழ் வகுப்புகள் தொடர்ந்தன. அத்துடன் ஒவ்வொருவரும் தாம் தேர்ந்த பொருளில் கள ஆய்வு செய்து அறிக்கை எழுத வேண்டியிருந்தது.

இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. மொழி அறியாதவர் கோவிலின் கோபுரத்தையும் தூண்களையும் பார்த்துவிட்டுத் திரும்பலாம். ஆனால் அங்கே பூக்கட்டுபவரிடமோ நாதஸ்வரக் கலைஞரிடமோ அவர்களுடைய தொழிலைப் பற்றிக் கேட்டறிய இயலாது. மொழிபெயர்ப்பாளர் வழியே கேட்டால், அவர் தேர்ந்து சொல்வதே கிடைக்கும்.

பயணச்சீட்டு, தங்குமிடம் ஆகியவற்றைச் சில வாரங்களில் ஏற்பாடு செய்துவிடலாம். மொழிப்பயிற்சிக்கு மாதங்கள் வேண்டும். ஆசிரியர் வழிநடத்தும் வெளிநாட்டுக் கல்வியைத் திட்டமிடுவோர் முதலில் கணக்கில் கொள்ள வேண்டியது அந்தக் காலத்தையே.