கலவையிலிருந்து குறுக்குவெட்டுக்கு: மரநெகிழிப் பலகையின் வடிவமைப்பு வரலாறு

மரத்தூளையும் நெகிழியையும் உருக்கிக் கலந்து செய்யும் பலகையின் வரலாற்றைப் பெரும்பாலும் கலவைகளின் வரலாறாகவே சொல்கிறார்கள்: எந்த நெகிழி, எவ்வளவு மரம், என்ன சேர்பொருள் என்று. வெயிலும் மழையும் படும் தளத்தில் அந்தப் பலகை நிலைபெற்றதற்கு முதன்மைக் காரணம் கலவை அன்று என்பது என் துணிபு. பலகையின் உள்ளும் புறமும் ஒரே பொருளாக இருந்தாக வேண்டும் என்ற எண்ணம் கைவிடப்பட்டதே அந்தக் காரணம்.

அந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதைப் பார்க்க வேண்டும். லியோ பேக்லண்ட் 1907இல் கண்ட பேக்கலைட்டில் மரத்தூள் சேர்ந்தது, நொறுங்கும் பிசினைச் சற்று உறுதியாக்கவும் விலையைக் குறைக்கவும்தான். 1983இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் அமெரிக்கன் உட்ஸ்டாக் நிறுவனம், இத்தாலியத் தொழில்நுட்பத்தைக் கொண்டு, பாலிப்ரொப்பிலீனில் ஏறக்குறையப் பாதியளவு மரத்தூள் கலந்து கார்களின் உட்புறத் தகடுகளைச் செய்தது. அவை மழையையே காணாத தகடுகள். 1990களின் தொடக்கத்தில் ஏ.இ.ஆர்.டி. நிறுவனமும், பின்னர் டிரெக்ஸ் என்று தனியாகப் பிரிந்த மோபில் கெமிக்கல் பிரிவும், பாதி மரம் பாதி பாலிஎத்திலீன் என்ற கணக்கில் தளப்பலகைகளைச் செய்யத் தொடங்கின. கூரைக்குக் கீழே பிறந்த சூத்திரம் ஏறக்குறைய அப்படியே வெளியே வந்தது. குரோமியம், செம்பு, ஆர்சனிக் ஏற்றிப் பதப்படுத்திய மரம் 2003இன் முடிவோடு அமெரிக்க வீட்டுப் பயன்பாட்டிலிருந்து பெருமளவு விலக்கப்பட்டபோது, இந்தப் பலகைக்குச் சந்தை மேலும் விரிந்தது.

வெளியே வந்ததும் இரண்டு குறைகள் தெரிந்தன. ஒன்று விறைப்பு. சுமார் 200 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் மரம் கருகத் தொடங்கும். ஆகவே குறைந்த வெப்பத்தில் உருகும் நெகிழிகளையே பயன்படுத்த முடியும். அவையோ வெயிலில் இளகி, நிலையான பாரத்தின் கீழ் மெல்ல மெல்லத் தொய்பவை. மரத்தூளின் துகளும் நீண்ட இழை அன்று. அகலத்தைவிடச் சில மடங்கே நீளமானது என்பதால் இழையைப் போல விசையைத் தாங்கிக் கடத்தாது. மற்றொன்று நீர். நெகிழி மரத்தைச் சூழ்ந்து காத்துவிடும் என்று நம்பினார்கள். புளோரிடாவின் எவர்கிளேட்ஸ் பகுதியில் போட்ட நடைபாதைப் பலகைகளிலேயே பூஞ்சை வளர்ந்திருந்ததை மாரிஸ், கூப்பர் என்ற இரு ஆய்வாளர்கள் 1998இல் பதிவு செய்தார்கள். மரத்தின் பங்கு பாதியை எட்டும்போது துகள்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொள்கின்றன. அந்தத் தொடர்பின் வழியே ஈரம் மெதுவாக உள்ளே போகிறது, போன ஈரம் எளிதில் உலர்வதுமில்லை.

இவற்றை வேதியியலே தீர்த்துவிட்டது என்று வாதிடலாம். மாலெயிக் அன்ஹைட்ரைடு ஏற்றிய நெகிழி, ஒரு பக்கம் மரத்தின் ஹைட்ராக்சில் தொகுதிகளையும் மறுபக்கம் நெகிழிச் சங்கிலிகளையும் பற்றிக்கொள்வதால் முறிவு வலிமை கூடுகிறது, நீர் உறிஞ்சுவது குறைகிறது. துத்தநாக போரேட் பூஞ்சையைத் தடுக்கிறது. இந்தப் பயன்களை மறுப்பதற்கில்லை. ஆனால் இந்தப் பிணைப்புப் பொருளால் விறைப்பு பெரிதாக உயர்வதில்லை. நிறமியையும் புற ஊதாக் காப்பையும் பலகை முழுதும் கலந்தாலோ, வெயிலே படாத நடுப்பகுதிக்கும் சேர்த்துச் செலவழிக்கிறோம்.

விறைப்புக்கும் நடுப்பகுதி அதிகம் உதவுவதில்லை என்பது குறுக்குவெட்டைக் கணக்கிட்டால் தெளிவாகும். 25 மி.மீ. தடிமனுள்ள சீரான பலகையில் மேலே 3 மி.மீ., கீழே 3 மி.மீ. எடுத்துக்கொள்வோம். பொருளில் அது 24 விழுக்காடுதான். வளைவு விறைப்பிலோ அதன் பங்கு 56 விழுக்காடு. அந்த இரு படலங்களை மட்டும் கண்ணாடி இழையால் மும்மடங்கு விறைப்பாக்கினால் பலகை மொத்தத்தின் விறைப்பு இரு மடங்குக்கு மேல் உயரும். அதே இழையை நடுவில் தூவினால் பெரும்பகுதி வீண். பலகையைச் சுற்றி மரமில்லாத நெகிழி உறையைக் கூடவே பிதுக்கிச் சேர்க்கும் முறை 2010ஐ ஒட்டிப் பரவியதும் இதே தருக்கத்தில்தான்: நிறமும் வெயில் காப்பும் உறைக்கு, மரம் உள்ளகத்துக்கு.

அடுக்குகள் புதுச் சிக்கலைக் கொண்டுவரும் என்ற மறுப்பு நியாயமானது. இவ்வகைப் பலகை 5 மீட்டர் நீளமிருந்தால், 40 டிகிரி வெப்ப வேறுபாட்டில் ஏறக்குறைய 8 மி.மீ. நீளும். மேல்முகம் ஒரு அளவும் கீழ்முகம் வேறு அளவும் நீண்டால் பலகை வில்லாக வளையும். உறையை மூன்று பக்கம் மட்டும் போட்டு அடிப்பக்கத்தைத் திறந்துவிட்டால், தரையிலிருந்து எழும் ஈரம் அந்த ஒரு முகத்தை மட்டும் உப்பவைக்கும். இவை அடுக்கைச் சமச்சீராக வைக்கச் சொல்லும் காரணங்களே தவிர, அடுக்கையே கைவிடச் சொல்பவை அல்ல. திருகுத் துளையும் அறுத்த முனையும் உறைக்குள் நீரை விடுமே என்றால், அதனால்தான் உள்ளகத்துக்கும் பிணைப்புப் பொருளும் போரேட்டும் தேவைப்படுகின்றன.

இன்னும் வலுவான மறுப்பு மறுசுழற்சி பற்றியது. பழைய நெகிழிப் பைகளுக்கு மறுவாழ்வு தந்த பொருள், கண்ணாடி இழை சேர்ந்தால் தானே மீள முடியாத கழிவாகிவிடாதா? அரைத்து மறுபடி உருக்கும் ஒவ்வொரு முறையும் இழை நொறுங்கிக் குறுகுவது உண்மை. குறுகிய இழை முகப்படலத்துக்கு உதவாது. வளைவில் குறைந்த பங்கே உள்ள உள்ளகத்துக்கு அது போதும். ஒரே சீரான பலகையில் தரம் குறைந்த அரைப்பு முழு விறைப்பையும் பாதிக்கும். அடுக்குப் பலகையில் அதைப் போட ஓர் இடம் இருக்கிறது.