ஹாவர்சைன்

மாலுமிகளின் கணக்கில் நூறாண்டுக்கு மேல் புழங்கிய சொல். ஆங்கிலத்தில் பாதியைக் குறிக்கும் ‘ஹாஃப்’, அதோடு ‘வெர்ஸ்டு’, ‘சைன்’ என மூன்றும் ஒட்டிப் பிறந்தது. 1835-இல் ஜேம்ஸ் இன்மன் தம் கடற்பயணக் கணித நூலில் இப்பெயரை வைத்தார்.

சைனின் பூர்வீகம் வில். வடமொழியில் ‘ஜ்யா’ என்றால் நாண். அரபியர் அதை ‘ஜீபா’ என்றனர். உயிர்க்குறி இல்லாத எழுத்தில் அது ‘ஜைப்’ என்று வாசிக்கப்பட்டது. ஜைப் என்றால் உடையின் மடிப்பு. நம் சட்டை ‘ஜேபி’யும் அதே சொல்தான். லத்தீன்காரர்கள் அந்தப் பொருளிலேயே ‘சைனஸ்’ என்று பெயர்த்தார்கள். நாண், பையாகிவிட்டது! ‘வெர்ஸ்டு சைன்’ என்னும் வெர்சைனுக்கோ வடமொழியில் ‘சரம்’, அதாவது அம்பு: நாணின் நடுவிலிருந்து வில்லின் நடுவரை உள்ள நீளம். ஒன்றிலிருந்து கொசைனைக் கழித்தால் கிடைப்பது. அதில் பாதி, ஹாவர்சைன்.

எதற்கு இந்தப் பாதி? இரு துறைமுகங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை தெரிந்தால் கொசைன் சூத்திரமே தூரத்தைச் சொல்லிவிடும். ஆனால் தூரம் குறையக் குறைய அது தடுமாறும். ஒரு கடல் மைல் 1,852 மீட்டர். பூமியின் மையத்தில் அது ஒரு கலை, பாகையில் 60-இல் ஒரு பங்கு. அதன் கொசைன் 0.99999996. ஐந்திலக்க வாய்பாட்டில் வெறும் 1. தூரமே காணாமல் போய்விடும். ஹாவர்சைன் அப்படி மறையாது, எதிர்மறையாகவும் ஆகாது. மடக்கை வாய்பாட்டுக்கு அதுவே தோது.

இன்றும் கணினி நிரல்களில் தூரம் காண ஹாவர்சைன் சூத்திரம் பரவலாகப் புழங்குகிறது.